சிரஸ்தார் பதில்கள்: வாஷிங்டன் கட்டுகள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஒரு கைதி பென்சிலில் எழுதிய மனுவையே எடுத்து விசாரித்திருக்கிறார்கள், நம் ஊரில் மார்ஜின் விடவில்லை என்று திருப்புகிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அது போதுமாக இருந்தது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அமெரிக்கா. முப்பத்து நாலு வருஷம் முன்சீப் கோர்ட்டில் கேஸ் கட்டுத் தூக்கியவனிடம் வாஷிங்டன் கட்டைப் பிரிக்கச் சொல்கிறீர்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை, பி.ஏ. வரலாறு. வக்கீல்கள் வாதத்தில் எடுத்துவிடும் தீர்ப்புத் தொகுதிகளை அலமாரியிலிருந்து இறக்கி, சீட்டு வைத்து, அய்யா மேஜைக்குக் கொண்டுபோவதற்குள் பாதியைப் படித்துவிடுவேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வழக்கம்போல உங்கள் பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்.

அந்தப் பென்சில் மனு கதையை முழுசாகச் சொல்லுங்கள் சார். — வாசகர், சங்கரன்கோவில்

1961 ஜூன் 3. ஃப்ளோரிடா மாநிலத்தில் பனாமா சிட்டி. பே ஹார்பர் என்று ஒரு பூல் ரூம், அதாவது பில்லியர்ட்ஸ் மேஜை போட்டு பீரும் விற்கிற இடம். விடிவதற்குள் யாரோ உடைத்துப் புகுந்துவிட்டார்கள். போனது மெஷினில் இருந்த சில்லறைக் காசு, கொஞ்சம் பீர், ஒயின், சோடா. பிடிபட்டவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். ஐம்பது வயது. ஏற்கெனவே உள்ளே போய் வந்த ஆள், கையில் காசு கிடையாது.

விசாரணை அன்று எழுந்து நின்று, தனக்கு ஒரு வக்கீல் வைத்துத் தரும்படி கேட்டார். மரண தண்டனை வழக்காக இருந்தால்தான் எங்கள் மாநிலச் சட்டப்படி தர முடியும், மன்னிக்கணும் என்றார் ஜட்ஜ். கிடியன் சொன்ன பதில் கோர்ட் பதிவில் இருக்கிறது: "வக்கீல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டென்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்கிறது." வேடிக்கை என்னவென்றால், அன்றைய தேதிக்கு சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொல்லவே இல்லை. 1942-இல் பெட்ஸ் என்பவர் வழக்கில் சொன்னது அதற்கு நேர்மாறு. மனுஷன் தெரியாமல் சொன்ன தப்பு அது. அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தத் தப்பே சட்டமாகிவிட்டது.

தன் வழக்கைத் தானே நடத்தினார். தானே குறுக்கு விசாரணை செய்தார். ஐந்து வருஷம் போட்டார்கள். ரெய்ஃபோர்ட் சிறையில் இருந்த சட்டப் புத்தகங்களைப் படித்து, 1962 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதினார். அந்தத் தாளின் படத்தைப் பார்த்திருக்கிறேன். தலைப்பில் கைதிகள் கடிதம் எழுதுவதற்கான சிறை விதிகள் அச்சடித்திருக்கின்றன. அதற்குக் கீழே கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்துப் பையன் காப்பி நோட்டு எழுதுவதுபோலப் பார்த்துப் பார்த்து எழுதிய பென்சில் எழுத்து. எழுத்துப் பிழையும் உண்டு. ஃபைலிங் செக்‌ஷனில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு அதில் குறைந்தது ஆறு குறை தெரிகிறது. நானாக இருந்தால் திருப்பியிருப்பேன். அந்தக் கோர்ட்டில் ஏழை மனு என்று தனியாக ஒரு வழி வைத்திருந்தார்கள். கட்டணம் வேண்டாம், அச்சடித்த பிரதிகள் வேண்டாம். அந்த வழியாக உள்ளே போய்விட்டது.

கோர்ட்டே அவருக்கு ஒரு வக்கீலை நியமித்தது. ஏதோ ஜூனியரை இல்லை, வாஷிங்டனில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு ஆஜராகும் ஏப் ஃபோர்டஸ். ஃப்ளோரிடா அரசு தன் பக்கம் ஆதரவு தேடி மற்ற மாநிலங்களுக்கெல்லாம் எழுதியது. வந்தது இரண்டு. எதிர்ப்பக்கம், கிடியனுக்கு ஆதரவாக, இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் கையெழுத்துப் போட்டன! 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு வைத்துத் தராமல் இதுபோன்ற குற்ற வழக்கை நடத்தினால் அது நியாயமான விசாரணையே இல்லை. தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். பழைய பெட்ஸ் வழக்கில் மாறுபட்டு எழுதித் தோற்றவர் அவர்தான். இருபத்தொரு வருஷம் கழித்து, அன்று எழுதியதையே பெரும்பான்மைத் தீர்ப்பாக எழுதும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பலர் இங்கேயே கதையை முடித்துவிடுகிறார்கள். கிடியனுக்குக் கிடைத்தது விடுதலை இல்லை, மறுவிசாரணை. அதே ஊர், அதே ஜட்ஜ், அதே சாட்சிகள். இந்த முறை டர்னர் என்ற உள்ளூர் வக்கீல் பக்கத்தில் இருந்தார். கிடியனைப் பார்த்ததாகச் சொன்ன முக்கிய சாட்சியை அவர் கூண்டில் வைத்துக் குடைந்த குடைச்சலில், உடைத்தவர்களுக்கு வெளியே நின்று காவல் பார்த்ததே அந்தச் சாட்சிதானோ என்று ஜூரிக்குத் தோன்றிவிட்டது. ஆறு பேர் கொண்ட ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. குற்றவாளி இல்லை. வக்கீல் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் ஐந்து வருஷ ஜெயில்.

சட்டசபை போட்ட சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அமெரிக்கக் கோர்ட்டுக்கு எங்கிருந்து வந்தது? அவர்கள் அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். — சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உங்கள் பேராசிரியர் சொல்வது சரி, வரி இல்லை. அந்த வரியைத் தீர்ப்பாக எழுதிச் சேர்த்தவர் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். அதற்குக் காரணம் அவரே பட்டுவாடா செய்யாமல் விட்ட ஒரு தபால்.

1801 மார்ச் 3, ஜனாதிபதி ஜான் ஆடம்ஸுக்குப் பதவியில் கடைசி நாள். மறுநாள் அவரைத் தோற்கடித்த ஜெஃபர்சன் வருகிறார். போவதற்குள் தன் கட்சி ஆட்களை எங்கெல்லாம் திணிக்க முடியுமோ அங்கெல்லாம் திணித்துக்கொண்டிருந்தார் ஆடம்ஸ். தலைநகர வட்டாரத்துக்கு மட்டும் 42 சமாதான நீதிபதிகள். முன்பு நம் ஊரில் இருந்த கௌரவ மாஜிஸ்திரேட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நியமன உத்தரவில் ஜனாதிபதி கையெழுத்துப் போடவேண்டும், வெளியுறவுச் செயலர் சீல் வைக்கவேண்டும், அப்புறம் உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ராத்திரி வரைக்கும் சீல் வைத்துக்கொண்டிருந்த அந்தச் செயலர் யார் தெரியுமா? ஜான் மார்ஷல். ஒரு மாசம் முன்பே தலைமை நீதிபதியாகவும் பதவி ஏற்றிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலி. உத்தரவுகளைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் அவருடைய தம்பி ஜேம்ஸ். எல்லாவற்றையும் சுமக்க முடியாமல் சிலதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

விடிந்தது. ஜெஃபர்சன் வந்தார். அலுவலகத்தில் சீல் வைத்தபடி உத்தரவுகள் கிடந்தன. கொடுக்காதே என்று சொல்லிவிட்டார். அப்படிக் கிடந்ததில் ஒன்று வில்லியம் மார்பரி பெயருக்கு. நல்ல வசதியான ஆள்தான். அந்தப் பதவி இல்லாவிட்டால் அடுப்பெரியாது என்பதில்லை. ஆனாலும் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கே போய், புதிய வெளியுறவுச் செயலர் மாடிசன் என் உத்தரவைக் கொடுக்கும்படி மாண்டமஸ், அதாவது அதிகாரியை அவர் கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை, போடுங்கள் என்று கேட்டார்.

மார்ஷலுக்குத் தர்மசங்கடம். கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சன் குப்பையில் போடுவார்; கோர்ட்டிடம் படையா இருக்கிறது? அன்றைக்கு அவர்களுக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை, காங்கிரஸ், அதாவது அவர்கள் பாராளுமன்றம், இருந்த கட்டடத்தில் ஒரு கமிட்டி அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். புதிய காங்கிரஸ் 1802-இல் கோர்ட்டைக் கூடவே விடவில்லை. கொடுக்கவேண்டாம் என்றால் பயந்துவிட்டார் என்பார்கள்.

1803 பிப்ரவரி 24 அன்று வந்த தீர்ப்பின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். மார்பரிக்கு அந்தப் பதவி பாத்தியமா? பாத்தியம், சீல் வைத்ததோடு நியமனம் முடிந்துவிட்டது. பறித்தது தப்பா? தப்பு. பரிகாரம் உண்டா? உண்டு. எங்களிடம் கேட்கலாமா? இங்கேதான் பிரேக். நேரடியாக சுப்ரீம் கோர்ட்டில் இந்த மாதிரி மனு போடலாம் என்று 1789-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொல்கிறது. ஆனால் எந்தெந்த வழக்கு நேரடியாக இங்கே வரலாம் என்று சாசனம் ஏற்கெனவே கணக்காகச் சொல்லிவிட்டது. இது அதில் இல்லை. ஆகவே அந்தச் சட்டப் பிரிவு செல்லாது. ஆகவே எங்களுக்கு அதிகாரம் இல்லை. "சட்டம் எது என்று சொல்வது நீதித்துறையின் வேலை, கடமை" என்று அழுத்தம் திருத்தமாக ஒரு வாக்கியம் வேறு.

ஜெஃபர்சன் வழக்கில் ஜெயித்தார், அதனால் எதிர்க்க ஒன்றுமில்லை. சின்ன அதிகாரம் ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிடுவதுபோலத் தள்ளி, சட்டத்தையே ரத்து செய்யும் பெரிய அதிகாரத்தை மடியில் கட்டிக்கொண்டுவிட்டார் மார்ஷல்.

என் கருத்தைக் கேட்டால், தான் சம்பந்தப்பட்ட வழக்கை அவர் கேட்டிருக்கவே கூடாது. உத்தரவுக்குச் சீல் வைத்தவர் அவர், பட்டுவாடா செய்யாமல் விட்டவர் அவர், என்ன நடந்தது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தவர் அவர் தம்பி, தீர்ப்பு எழுதியவரும் அவர். எங்கள் முன்சீப் கோர்ட்டில் இப்படி நடந்திருந்தால் மறுநாளே டிரான்ஸ்ஃபர் மனு வந்திருக்கும். மார்பரிக்கு உத்தரவு கடைசிவரை கைக்கு வரவில்லை.

அங்கே நீதிபதிகளுக்கு ரிட்டயர்மென்ட் வயதே கிடையாதாமே? — வாசகர், போடி

கிடையாது. நன்னடத்தை உள்ளவரை பதவி என்கிறது சாசனம். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1932-இல் எழுந்துபோனபோது அவருக்கு வயது 90. எனக்கு ஐம்பத்தெட்டிலேயே ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இங்கிலீஷ் படத்தில் போலீஸ் விலங்கு மாட்டும்போது "பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு" என்று ஒப்பிக்கிறார்களே, அது நிஜமா, சினிமாவா? — கல்லூரி மாணவர், நாகர்கோவில்

நிஜம் தம்பி. ஆனால் விலங்கு மாட்டும் நிமிஷத்திலேயே சொல்லியாகவேண்டும் என்பது சினிமா. காவலில் வைத்துக் கேள்வி கேட்பதற்கு முன் சொல்லவேண்டும், அவ்வளவுதான் விதி. 1963-இல் ஃபீனிக்ஸ் நகரில் எர்னஸ்டோ மிராண்டா என்பவரை இரண்டு மணி நேரம் விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். 'என் உரிமைகளை முழுக்க அறிந்தே எழுதுகிறேன்' என்று அந்தத் தாளில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது. அறிந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. 1966-இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அந்த வாக்குமூலம் செல்லாது என்றார்கள். அப்புறம் வேறு சாட்சியம் வைத்து மறுபடி விசாரித்து அதே மிராண்டாவை உள்ளே தள்ளினார்கள், அதையும் சொல்லவேண்டும். வெளியே வந்தவர், போலீஸ்காரர்கள் பாக்கெட்டில் வைத்திருக்கும் அந்த உரிமை வாசக அட்டையில் தன் கையெழுத்தைப் போட்டு விற்றுப் பிழைத்தார். 1976-இல் ஒரு மதுக்கடைத் தகராறில் கத்திக்குத்துப் பட்டுச் செத்தார். சந்தேகத்தில் பிடித்த ஆளுக்கு போலீஸ் முதலில் வாசித்துக் காட்டியது அந்த அட்டையைத்தான்.

அமெரிக்காக்காரன் வழக்கு நமக்கெதற்கு? நம் ஊர்க் கதை இல்லையா? — வாசகர், திண்டுக்கல்

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஆட்டோ சங்கரைத் தெரியுமா? நக்கீரன் பத்திரிகையைத் தெரியுமா? இரண்டும் சேர்ந்த வழக்கில் அமெரிக்கா நுழைந்திருக்கிறது.

முதலில் அங்கே நடந்தது. 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம். மார்ட்டின் லூதர் கிங் வழக்கு நடத்த நிதி கேட்டுப் போட்டது. அலபாமாவில் கறுப்பின மாணவர்களை போலீஸ் என்ன பாடுபடுத்துகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். சில தகவல் தப்பு. கிங்கை ஏழு தடவை கைது செய்தார்கள் என்றிருந்தது, உண்மையில் நாலு. மாணவர்கள் பாடியதாக ஒரு பாட்டின் பெயர் இருந்தது, உண்மையில் பாடியது தேசிய கீதம். இப்படிப்பட்ட தப்புகள். மான்ட்காமரி நகரில் போலீஸைக் கவனித்துக்கொண்டிருந்த கமிஷனர் சல்லிவன், அதில் தன் பெயரே இல்லாவிட்டாலும், போலீஸ் என்றால் நான்தானே என்று அவதூறு வழக்குப் போட்டார். உள்ளூர் ஜூரி ஐந்து லட்சம் டாலர் கொடு என்றது. ஆறரை லட்சம் பிரதி விற்கும் பத்திரிகை. அந்த இதழ் அலபாமா முழுவதற்கும் போனது 394 பிரதி, சல்லிவனின் மாவட்டத்துக்கு 35. முப்பத்தைந்து பிரதிக்கு ஐந்து லட்சம்!

1964-இல் சுப்ரீம் கோர்ட் அதை அடித்துப் போட்டது. பொதுப் பதவியில் இருப்பவரின் பதவி நடத்தையைப் பற்றி எழுதும்போது சிறு பிழை வரத்தான் செய்யும். பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று அவர் நிரூபித்தால்தான் நஷ்டஈடு, என்றது.

இப்போது இங்கே வாருங்கள். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் செங்கல்பட்டு சப்-ஜெயிலில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிடப்போவதாக அறிவித்தது. சில அதிகாரிகளின் பெயரும் அதில் வரும் என்று பேச்சு. சிறைத்துறையிலிருந்து, அது பொய், வெளியிடாதே, வெளியிட்டால் நடவடிக்கை என்று கடிதம். ஆசிரியர் ராஜகோபால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில் சல்லிவன் வழக்கு வரி வரியாக வருகிறது. வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. பொது ஆவணங்களில் உள்ளதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம். அதற்கு மேல் போய் அந்தரங்கத்தில் கைவைத்தால் பின்விளைவு உங்கள் பாடு. அதிகாரிகளின் பதவி நடத்தை பற்றி எழுதினால் சல்லிவன் அளவுகோல்தான். அந்தரங்க உரிமை பற்றி வாதாடுகிறவர்கள் இன்றைக்கும் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று எடுத்துக் காட்டுகிறார்கள். சல்லிவனின் மாவட்டத்துக்குப் போன 35 பிரதி செங்கல்பட்டு வரை வந்து சேர முப்பது வருஷம் ஆனது. நம் ஊர்க் கதை போதுமா?

என் பேரன் டெக்ஸாஸில் பிறந்தான். பிறந்ததுமே அமெரிக்கப் பிரஜை என்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் இந்தியப் பிரஜைகள்தானே? — பாட்டி, கும்பகோணம்

பேரனுக்கு என் ஆசி அம்மா. அவன் ஒரு சமையல்காரருக்கு நன்றி சொல்லவேண்டும். வாங் கிம் ஆர்க், 1873-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனர்கள் பிரஜையாகவே முடியாது என்று சட்டம் இருந்த காலம். 1895-இல் சீனாவுக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பியவரை இறங்க விடவில்லை. நீ இந்த நாட்டவன் இல்லை என்றார்கள். மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கப்பல் மாற்றிக் கப்பலில் அடைத்து வைத்தார்கள். 'இந்நாட்டில் பிறந்து இந்நாட்டு அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் பிரஜைகள்' என்கிறது 1868-இல் வந்த பதினான்காவது திருத்தம். எல்லோரும் என்றால் எல்லோரும்தான் என்று 1898-இல் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. 2025 ஜனவரியில் ஜனாதிபதி இதைக் குறுக்கி ஓர் ஆணை போட்டபோது, சில நாளிலேயே சியாட்டிலில் ஒரு நீதிபதி, அப்பட்டமாகச் சாசனத்துக்கு விரோதம் என்று நிறுத்திவைத்தார். அந்த ஆணைக்கு எதிராக எல்லோரும் தூக்கிப் பிடித்தது இந்தச் சமையல்காரர் வழக்கைத்தான்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்கிறேன். நம்மவர்களுக்கும் ஒரு வழக்கு உண்டு. பகத் சிங் திண்ட், பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்தவர். அன்றைய சட்டப்படி வெளிநாட்டவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் மனுப் போட்டுப் பிரஜையாக முடியும். அவர் வழக்கில் தீர்ப்பு வருவதற்கு மூன்று மாதம் முன்பு ஜப்பானியர் ஒருவர் வழக்கில், வெள்ளையர் என்றால் காகேசிய இனம் என்று இதே கோர்ட் சொல்லியிருந்தது. அப்படியானால் வட இந்தியனான நானும் காகேசியன்தானே என்றார் திண்ட். நீதிபதி சதர்லேண்ட் 1923-இல் பல்டி அடித்தார்: விஞ்ஞானம் சொல்வது முக்கியமில்லை, சாதாரண வெள்ளைக்காரன் யாரை வெள்ளைக்காரன் என்று நினைக்கிறானோ அவனே வெள்ளைக்காரன். பிரஜையாகிவிட்டிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறித்தார்கள். இந்தியர்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 1946-இல்.

திண்டுக்காகப் பரிதாபப்படலாம், நானும் பட்டேன். அவர் தரப்பு எழுத்து வாதத்தைப் படிக்கும்வரை. நாங்கள் உயர்ந்த சாதி, கீழ்ச் சாதிக்காரர்களோடு கல்யாணம் கலக்காதவர்கள், நீங்கள் நீக்ரோக்களை எப்படிப் பார்க்கிறீர்களோ அப்படித்தான் நாங்கள் எங்கள் ஆதிக்குடிகளைப் பார்க்கிறோம், ஆகவே எங்களையும் வெள்ளையர் கணக்கில் சேருங்கள் என்று அதில் இருக்கிறது. கடல் தாண்டினால் தீட்டு என்பார்கள். சாதி டிக்கெட் எடுக்காமலே கூடப் போயிருக்கிறது.

கறுப்பர், வெள்ளையர் பள்ளிகளை ஒரே தீர்ப்பில் சேர்த்துவிட்டார்கள் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அவ்வளவு சுலபமாகவா நடந்தது? — ஆசிரியை, விருதுநகர்

டீச்சர், பாடப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும், அதற்கு இடம் இல்லை. 1892-இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். பார்த்தால் வெள்ளைக்காரர் மாதிரிதான் இருப்பார். எட்டில் ஒரு பங்கு ஆப்பிரிக்க ரத்தம். தற்செயலாக நடந்ததில்லை. சட்டத்தை எதிர்க்க ஒரு குழு போட்டு, கைது செய்ய ஒரு டிடெக்டிவையும் அவர்களே அமர்த்திக்கொண்டு செய்த ஏற்பாடு. தனிப்பெட்டி இழுப்பது செலவு என்பதால் ரயில் கம்பெனிக்கும் உள்ளுக்குள் சம்மதம். ஆனால் 1896-இல் தீர்ப்பு தலைகீழாக வந்தது: சமமாக இருந்தால் தனியாக வைக்கலாம். எதிர்த்தவர் ஹார்லன் ஒருவர்தான். சாசனத்துக்கு நிறம் தெரியாது என்று அவர் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மாறுபட்ட தீர்ப்பில் சீனர்களை மட்டம் தட்டியும் எழுதியிருக்கிறார். கும்பகோணம் பாட்டிக்குச் சொன்னேனே சமையல்காரர், அவர் வழக்கில் எதிர்த்து நின்ற இருவரில் ஒருவர் இதே ஹார்லன். பெரிய மனிதர்களை மேற்கோளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதைத் துடைக்க 58 வருஷம். கான்சாஸில் டோபீகா ஊரில் லிண்டா பிரௌன் என்ற சிறுமிக்கு ஏழு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம், வெள்ளையர் பள்ளி. அவள் போகவேண்டியதோ ரயில் யார்டைத் தாண்டி நடந்து, பஸ் பிடித்து, தொலைவில் இருந்த மன்ரோ பள்ளிக்கு. அப்பா வெல்டர், கோயிலில் உதவிப் போதகர். இன்னும் பன்னிரண்டு பெற்றோரோடு வழக்குப் போட்டார். நாலு இடத்து வழக்குகள் இதோடு சேர்ந்தன. வாதாடியவர்களில் தர்குட் மார்ஷல், பின்னாளில் அந்தக் கோர்ட்டின் முதல் கறுப்பு நீதிபதி. புதுத் தலைமை நீதிபதி வாரன், மாறுபட்ட தீர்ப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று ஒவ்வொருவரிடமாகப் பேசி ஒன்பதையும் சேர்த்தார். 1954 மே 17 அன்று தீர்ப்பு வாசிக்கும்போது, மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நீதிபதி ஜாக்சன் எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் கோட்டை விட்டார்கள். எப்போது அமல்படுத்துவது என்று கேட்டபோது, "தக்க யோசனையோடு கூடிய வேகத்தில்" என்று எழுதினார்கள். தேதி போடாத டிக்ரி என்ன ஆகும் என்று எந்தக் கோர்ட் அமீனாவைக் கேட்டாலும் சொல்வார். வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி, சேர்த்துப் படிக்க வைப்பதைவிடப் பள்ளிக்கூடத்தையே மூடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை எல்லா அரசுப் பள்ளிகளையும் பூட்டிவிட்டது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி. கறுப்புக் குழந்தைகளில் பலருக்கு ஐந்து வருஷம் பள்ளிக்கூடமே இல்லை.

நம் சாசனத்தில் 'டியூ பிராசஸ்' என்ற சொல் ஏன் இல்லை? அமெரிக்காவைப் பார்த்துத்தானே பலதை எடுத்தோம்? — போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சென்னை

ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கும் சட்டம் நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று கோர்ட் பார்க்க இடம் கொடுக்கும் சொல் அது. அமெரிக்காவைப் பார்த்துத்தான் விட்டோம். சாசன ஆலோசகர் பி.என். ராவ் 1947 கடைசியில் அங்கே போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்டரைப் பார்த்தார். அந்தச் சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் போடும் சட்டத்தையெல்லாம் நாலைந்து நீதிபதிகள் அடித்துவிடுவார்கள் என்றார் அவர். சூடு கண்ட பூனை. பேக்கரித் தொழிலாளி வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று நியூயார்க் போட்ட சட்டத்தை, முதலாளியும் தொழிலாளியும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் போய்விடும் என்று 1905-இல் இதே சொல்லை வைத்து ரத்து செய்தவர்கள் அவர்கள். ராவ் திரும்பி வந்தார். 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று எழுதினோம். முதல் அடி வாங்கியவர் மெட்ராஸ் மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன். 1950-இல் அவர் வழக்கில், சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்களா, அதில் சொன்ன நடைமுறைப்படி உள்ளே வைத்தார்களா, போதும் என்றுவிட்டது நம் சுப்ரீம் கோர்ட். அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் சொல்ல 1978 ஆனது. வாசலில் விட்ட சொல் கொல்லைப்பக்கமாக வந்து சேர்ந்துவிட்டது. தேர்வில் இப்படி எழுதாதீர்கள்.

தன்னை நியமித்த தலைவருக்கு எதிராக எந்த நீதிபதியாவது தீர்ப்பு எழுதியிருக்கிறாரா? — வாசகர், சேலம்

1974 ஜூலை 24. வாட்டர்கேட் ஊழல் வழக்குக்கு வேண்டிய ஒலிநாடாக்களைக் கொடுக்கமாட்டேன் என்ற ஜனாதிபதி நிக்சனைக் கொடு என்று சொன்ன தீர்ப்பு, எட்டுக்குப் பூஜ்யம். எழுதியவர் தலைமை நீதிபதி பர்கர். அவரை நியமித்தவர் நிக்சன்.

அந்தக் கோர்ட் எழுதியதிலேயே மோசமான தீர்ப்பு எது? — வாசகர், தஞ்சாவூர்

இதற்கு அங்கேயே இரண்டு கருத்து அதிகம் கிடையாது. ட்ரெட் ஸ்காட் வழக்கு, 1857.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது செயின்ட் லூயிஸில் அந்தப் பழைய கோர்ட்டைப் போய்ப் பார்த்தேன். கும்மட்டம் வைத்த கட்டடம். வெளியே ட்ரெட் ஸ்காட்டும் மனைவி ஹேரியட்டும் கைகோத்து நிற்கும் வெண்கலச் சிலை. இரண்டு பேரும் 1846-இல் அங்கேதான் வழக்குப் போட்டார்கள். எஜமானரான ராணுவ டாக்டர் எங்களை அடிமை முறை இல்லாத பகுதிகளில் வருஷக்கணக்கில் குடிவைத்திருந்தார், ஆகவே நாங்கள் சுதந்திர மனிதர்கள் என்று. முதல் விசாரணையில் தோற்ற காரணத்தைக் கேளுங்கள்: இவர்களை யார் அடிமையாக வைத்திருக்கிறார் என்பதற்கு நேரடிச் சாட்சி இல்லை, கேள்விச் சாட்சிதான். அடிமை என்று நிரூபிக்க முடியாததால் அடிமையாகவே இருக்கவேண்டியதாயிற்று. இரண்டாம் விசாரணையில் 1850-இல் ஜெயித்தார்கள். அப்பீலில் போயிற்று. அப்புறம் வாஷிங்டன். ஆக 11 வருஷம்.

தலைமை நீதிபதி டேனி எழுதினார்: கறுப்பர்கள், சுதந்திரம் பெற்றவர்களாகவே இருந்தாலும், இந்நாட்டுப் பிரஜைகள் ஆகமுடியாது, வழக்குப் போடும் பாத்தியதையே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடைசெய்ய காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்று அந்தச் சட்டத்தையும் சேர்த்து ரத்து செய்தார். மார்பரி வழக்கில் மார்ஷல் தீட்டி வைத்த கத்தி 54 வருஷம் உறையிலேயே கிடந்து, காங்கிரஸ் சட்டத்தின் மேல் இரண்டாவது தடவையாக உருவியபோது வெட்டிய இடம் இது. நாலு வருஷத்தில் உள்நாட்டுப் போர். பேரனுக்குப் பிரஜா உரிமை கொடுத்த பதினான்காவது திருத்தம் வந்ததே இந்தத் தீர்ப்பைத் துடைக்கத்தான். ஸ்காட்டைத் தீர்ப்பு வந்த இரண்டரை மாதத்தில், டாக்டருக்கு முன்பிருந்த பழைய எஜமானரின் குடும்பத்தார் வாங்கி விடுவித்துவிட்டார்கள். ஒரு ஓட்டலில் போர்ட்டராக வேலை பார்த்தார். அடுத்த வருஷமே காசநோயில் போய்விட்டார்.

என் கண்ணில் பட்ட ஒன்று இருக்கிறது. எதிர்த்தரப்புக்காரரின் பெயர் சான்ஃபோர்டு. கோர்ட் குமாஸ்தா நடுவில் இல்லாத ஒரு 'டி' எழுத்தைச் சேர்த்துவிட்டார். இன்றுவரை அச்சில் 'ஸ்காட் எதிர் சாண்ட்ஃபோர்டு' என்றுதான். அந்தக் குமாஸ்தாவை நினைத்துச் சிரிக்க எனக்கு வாய் வராது. ஒரு பாகப்பிரிவினை டிக்ரியில் சர்வே நம்பர் 114/2 என்பதை நான் 112/4 என்று எழுதிவிட்டேன். எழுத்துப்பிழை திருத்த 152-ஆம் பிரிவு இருக்கிறது, ஒரு மனுவில் முடியவேண்டியது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்து, வாய்தா மேல் வாய்தாவாக மூன்று வருஷம் இழுத்தது. திருத்திய டிக்ரி நகல் வாங்க அந்தப் பெரியவர் என் மேஜைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து அந்த நம்பரை இரண்டு தடவை வாசித்தார். "இனிமே கொஞ்சம் பெரிசா எழுதுங்க தம்பி" என்றார்.